புது வரவு செலவு மென்பொருளுக்கு மாறியதும் இருப்பு உதைக்குதா? வெளிநாட்டில் இருந்தபடி சென்னையில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு

மென்பொருள் காட்டும் இருப்பு வங்கி இருப்போட ஒத்துப்போகாம உதைத்ததும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு பதிவு போட்டு நேர் செய்யத் தோணும். போடாதீங்க. தப்பு எங்கே ஒளிஞ்சிருக்குன்னு காட்டுறதே அந்த வித்தியாசத் தொகைதான்.

பழைய மென்பொருளை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கணக்கின் மாதக் கடைசி இருப்பையும் தனியா எழுதி வெச்சுக்கோங்க. சிஎஸ்வி கோப்பில் (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்பு) வரவு செலவு வரும், தொடக்க இருப்பு பெரும்பாலும் வராது. க்யூஐஎஃப் என்ற இன்னொரு வகைக் கோப்பில் நாணயத்தைக் குறிக்க இடமே கிடையாது. புது மென்பொருள் டாலரில் இயங்கினா, மயிலாப்பூர் கிளையில் இருக்கும் 2,50,000 ரூபாய் அப்படியே டாலரா உட்கார்ந்துடும். க்னூகேஷ் மாதிரி கணக்கு மென்பொருளில் முதலில் ரூபாய்க் கணக்கைத் திறந்துட்டு, பிறகு அதுக்குள்ளே கோப்பை இறக்குங்க.

நம்ம ஊர் வங்கிக் கோப்பில் ரெண்டு வில்லங்கம். 1,25,000.00 என்பதில் இருக்கும் காற்புள்ளிகளைச் சில மென்பொருள்கள் பத்திப் பிரிப்பா எடுத்துக்கும். தொகைக்குள்ளே இருக்கும் காற்புள்ளிகளை எக்செலில் நீக்கிடுங்க. இன்னொன்று தேதி. நாள் முதலில் எழுதும் 04/05-ஐ அமெரிக்க அமைப்பு ஏப்ரல் 5 என்று படிக்கும். 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் பிழை காட்டி நிற்கும், பரவாயில்லை. 12 வரைக்கும் சத்தமில்லாம வேறு மாதத்துக்குப் போயிடும். கடைசி இருப்பு சரியா வரும், நடு மாதங்கள் மட்டும் உதைக்கும். அதனாலதான் மாதக் கடைசி இருப்பு வேணும்னு சொன்னது.

2024 மார்ச்சில் மூடப்பட்ட மின்ட் என்ற அமெரிக்க வரவு செலவு செயலியின் பழைய கோப்பு வீட்டில் யாரிடமாவது இருந்தால், அதில் கழித்தல் குறியே இருக்காது. டெபிட்டா கிரெடிட்டா என்பது தனிப் பத்தியில் இருக்கும். டெபிட் வரிகளுக்கு மட்டும் கழித்தல் குறி போட்டுட்டு இறக்குங்க.

இனி தேடல். வங்கி ஸ்டேட்மென்ட்டோட மாதம் மாதமா ஒப்பிட்டு, முதலில் உதைக்கும் மாதத்தை மட்டும் பிரிச்சுப் பாருங்க. முதல் நாளிலிருந்தே ஒரே தொகை உதைச்சா தொடக்க இருப்பு தப்பு: இறக்கிய முதல் பதிவுக்கு முந்தைய நாள் ஸ்டேட்மென்ட் இருப்பை அங்கே போடுங்க. கிரெடிட் கார்டுக்கு அது கடன், அதனால் கழித்தல் குறியோட. வித்தியாசம் ஏதோ ஒரு பதிவின் தொகையாவே இருந்தா, அது விடுபட்டிருக்கு அல்லது ரெண்டு தடவை வந்திருக்கு. வித்தியாசத்தில் பாதி ஒரு பதிவோட ஒத்துப்போனா, குறி தலைகீழ்.

ரெண்டு தடவை வருவது பெரும்பாலும் கணக்குக்குக் கணக்கு மாற்றிய பணம்தான். டாலர் கணக்கின் கோப்பிலும் என்ஆர்இ கணக்கின் (வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் போட்டு வைக்கும் கணக்கு) கோப்பிலும் அதே அனுப்புதல் இருக்கும். முதல் கோப்பை இறக்கும்போதே மறுகணக்கைக் காட்டியிருந்தா, இரண்டாம் கோப்பில் அந்த வரியைத் தவிர்த்துடணும். காட்டாம விட்டா இருப்பு சரியா இருக்கும். ஆனா ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வருமானம்னு ஆண்டுக் கணக்கு ஊதிப்போகும்.

பதில்: நல்லா சொன்னீங்க. ஒண்ணு சேர்க்கணும். வெளிநாடு போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வா (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றணும். அதன் வட்டியில் 30% டிடிஎஸ்ஸும் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) அதன் மேல் 4% செஸ்ஸும், ஆக 31.2% பிடிப்பாங்க. 1,000 வட்டிக்கு கையில் வந்த 688-ஐ மட்டும் எழுதினாலும் இருப்பு நேராகிடும், ஆனா வருமான வரி ரிட்டர்னில் கேட்க வேண்டிய 312 கண்ணுக்குத் தெரியாது. முழு வட்டியை வரவாகவும் டிடிஎஸ்ஸைத் தனியாகவும் எழுதுங்க.

பதில்: அமெரிக்காவில் இருப்பவங்க தேதிப் பிழையை லேசா எடுத்துக்காதீங்க. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் படிவத்தில் கேட்பது ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்கும் அந்த ஆண்டில் தொட்ட உச்ச இருப்பு. மாதம் மாறின பதிவுகளால் அந்த உச்சமும் மாறிப்போகும். அப்புறம், பழைய மென்பொருளில் போட்டிருந்த பில் நினைவூட்டல்கள் சிஎஸ்வியில் வராது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில், அரையாண்டு சொத்து வரி ரெண்டையும் கையால் போட்டுக்கோங்க.