புதுப்பிப்பு: 4,999 ரூபாய் கட்டிய போட்டோ வகுப்பு

'மொபைல் படங்களை விற்று மாதம் 50,000' என்ற விளம்பரத்தை நம்பி 4,999 ரூபாய் கட்டியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். பலர் திட்டினீர்கள். நியாயம்தான்.

மொத்தம் ஆறு வீடியோ. இரண்டில், படங்களை விற்றுத் தரும் ஷட்டர்ஸ்டாக் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்குவது எப்படி என்று பாடம். அது இலவசமாகவே செய்யக்கூடியது! கடைசி வீடியோவில்தான் பூனை வெளியே வந்தது: இதே வகுப்பை இன்னொருவர் தலையில் கட்டினால் பாதிப் பணம் எனக்காம். அவர்கள் காட்டிய 'வருமான' ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் 'பரிந்துரை கமிஷன்' என்று இருந்தது. படம் விற்ற காசே இல்லை.

சரி, என் ஷட்டர்ஸ்டாக் கணக்கு. 62 படம் ஏற்றி 41 தேறின. மூன்று முறை விற்றது, தலா 10 சென்ட். மூன்றும் தெருமுனை இளநீர் வண்டி. நான் பெருமைப்பட்ட சூரிய அஸ்தமனங்களை யாரும் சீண்டவில்லை. ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் புதியவருக்கு விற்ற காசில் 15 சதவீதம்தான். விற்பனை கூடி மேல் படிக்கு ஏறினாலும், ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மறுபடி முதல் படி. இதே போன்ற இன்னொரு தளமான அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 சதவீதம் தருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். நேற்று சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். யுபிஐ ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.