எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர்: நான்கு சர்வோ இறக்கைக்கு எதை மாற்றுவது?

அல்சூர் கிளைடர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மாதிரி விமானங்களை இயக்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டரும் (கையில் பிடிக்கும் ரேடியோ கருவி), விமானத்தில் பொருத்தும் எஃப்எஸ்-ஐஏ6பி ரிசீவரும் உள்ளன. இப்போது இரண்டு மீட்டர் இறக்கையுள்ள மின்மோட்டார் கிளைடர் ஒன்றைக் கட்டி வருகிறேன். அதன் இறக்கையில் எய்லரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) இரண்டு, ஃபிளாப்புக்கு (வேகத்தைக் குறைக்கக் கீழிறங்கும் மடல்) இரண்டு என நான்கு சர்வோக்கள் (மடலை அசைக்கும் சிறு மோட்டார்கள்) வருவதால், ஆறு சேனல்கள் (தனித்தனிக் கட்டளை வழிகள்) போதா என்று நினைக்கிறேன். ஆகவே பத்து சேனல் தரும் மாற்று ஃபர்ம்வேரை (கருவியின் உள் மென்பொருளை) ஏற்றுவது, நான்கு ஏஏ செல்களுக்குப் பதிலாக 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம்-பாலிமர் மின்கலம்) பொருத்துவது, ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையர் (அலையின் வலிமையைக் கூட்டும் கருவி) சேர்ப்பது ஆகிய மூன்றையும் செய்ய எண்ணியுள்ளேன். வேண்டிய பொருள்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைத்துவிடும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாரத்தஹள்ளி மின்னியல்

ஃபர்ம்வேரிலிருந்து தொடங்குகிறேன். டிரெய்னர் போர்ட்டின் (பயிற்சிக்காக இன்னொரு கருவியை இணைக்கும் துளை) வழியாகக் கணினியோடு பேசும் யூஎஸ்பி-சீரியல் பலகை ஒன்றை இணைத்து அதை ஏற்றலாம். பலகை 3.3 வோல்ட் அளவில் இயங்குவதாக இருக்க வேண்டும். டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), கிரவுண்ட் ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் இணைத்து, மின்சாரக் கம்பியை விட்டுவிடுங்கள். அதற்கு முன் உங்கள் ஒவ்வொரு மாடலின் அமைப்பையும் தாளில் எழுதி வையுங்கள். ஏற்றி முடித்ததும் ஸ்டிக்குகளை மீண்டும் காலிபரேட் செய்யுங்கள்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஐஏ6பி ரிசீவரில் சர்வோ செருகும் பின்கள் ஆறு சேனல்களுக்கு மட்டுமே உள்ளன; ஏழாவது முதல் பத்தாவது வரையுள்ளவை ஐ-பஸ் என்ற ஒற்றைக் கம்பித் தொடர்வரிசையில்தான் வெளிவருகின்றன. அந்தக் கம்பியில் 115200 பாட் வேகத்தில் ஏறத்தாழ 7 மில்லிநொடிக்கு ஒருமுறை 32 பைட் கொண்ட சட்டகம் (தரவுத் தொகுப்பு) வருகிறது. குவாட்காப்டரின் ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறப்பைச் சமன்படுத்தும் கணினிப் பலகை) அதை நேரடியாகப் படித்துக்கொள்ளும், சாதாரண சர்வோவால் படிக்க இயலாது. எனவே பத்துப் பின்கள் உள்ள எஃப்எஸ்-ஐஏ10பி ரிசீவரை வாங்க வேண்டும், அல்லது ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையில் நிரல் எழுதி ஐ-பஸ்ஸைச் சர்வோ துடிப்புகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வழி சுவையான வேலைதான் என்றாலும், இறக்கையின் கட்டுப்பாடு முழுவதையும் வீட்டில் எழுதிய நிரலின் கையில் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ரேசர் டவுன் பட்டறை

மின்கலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த டிரான்ஸ்மிட்டர் நான்கு ஏஏ செல்களின் 6 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. முழுவதும் சார்ஜ் ஏறிய 2எஸ் லிப்போவோ 8.4 வோல்ட் தரும். உள்ளே 3.3 வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர் மிச்சத்தை வெப்பமாகத்தான் வெளியேற்றுகிறது. 6 வோல்ட்டிலிருந்து இறக்கும்போது 2.7 வோல்ட், 8.4 வோல்ட்டிலிருந்து இறக்கும்போது 5.1 வோல்ட் என்று கணக்கிட்டால், அதே மின்னோட்டத்துக்கு வெப்பம் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. விமானம் வானத்தில் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பலகை வைத்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெப்பச் சிக்கல் தீரும். ஆனால் லிப்போ காலியாகிக்கொண்டிருக்கும்போதும் டிரான்ஸ்மிட்டருக்கு நிலையான 6 வோல்ட்டே தெரிவதால், அதன் குறைமின்னழுத்த எச்சரிக்கை கடைசிவரை ஒலிக்காது. அந்த வழியில் போவதென்றால் லிப்போவின் பேலன்ஸ் பின்னில் தனி பஸ்ஸர் ஒன்றைச் செருகியே தீர வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு? நல்ல தரமான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள் நான்கைப் போடுங்கள். 4.8 வோல்ட்டில் கருவி குறையின்றி இயங்கும். அவ்வகைச் செல்கள் நெடுநேரம் சீராக நின்று, இறுதியில் சட்டெனச் சரிவதால், எச்சரிக்கை ஒலித்தவுடன் தரையிறக்கும் வழக்கம் மட்டும் வேண்டும்.

ஜெயநகர் வானூர்தி

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். எனினும் உங்கள் கிளைடருக்குப் பத்து சேனல் வேண்டும் என்ற தொடக்கத்தையே நான் ஏற்கவில்லை. எண்ணிப் பாருங்கள்: இட எய்லரான் 1, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) 2, த்ராட்டில் (மோட்டாரின் வேகம்) 3, ரடர் (திசை திருப்பும் வால் மடல்) 4, ஒய்-கேபிள் (ஒரு சேனலை இரண்டு சர்வோக்களுக்குப் பிரிக்கும் கம்பி) வழியாக இரு ஃபிளாப்புகளும் 5, வல எய்லரான் 6. ஆறிலேயே முடிந்துவிட்டது. ஒய்-கேபிளில் ஒரு நுணுக்கம் உண்டு: இரண்டு ஃபிளாப் சர்வோக்களையும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராகப் பொருத்தினால் ஒன்று மேலும் மற்றொன்று கீழும் போகும். ஆகவே இரண்டின் கைகளும் ஒரே பக்கம் நோக்கும்படி ஒரே வாட்டத்தில் பொருத்த வேண்டும். ஃபிளாப்புகளைத் தனித்தனியே டிரிம் செய்ய (நடுநிலையைச் சரிசெய்ய) முடியாது என்பதால், சர்வோவையும் ஃபிளாப்பையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைக் கொண்டே இரண்டையும் சமப்படுத்த வேண்டியிருக்கும்.

உண்மையான தட்டுப்பாடு சேனலில் இல்லை, மிக்ஸில் (ஒரு சேனலின் அசைவை மற்றொன்றிலும் சேர்க்கும் அமைப்பில்) இருக்கிறது. இந்தக் கருவியின் மெனுவில் நாமே அமைக்கக்கூடிய மிக்ஸ்கள் மூன்றே. எய்லரானை ஆறாவது சேனலுக்குக் கொண்டுபோக ஒன்று செலவாகும். தரையிறங்கும்போது ஃபிளாப் கீழே இறங்க இரு எய்லரான்களும் மேலே எழும் பிரேக் வேண்டுமானால், ஐந்திலிருந்து ஒன்றுக்கும் ஐந்திலிருந்து ஆறுக்குமாக இன்னும் இரண்டு. அந்தப் பிரேக்கின்போது மூக்கு மேலே தூக்கிக்கொள்வதை எலிவேட்டரால் தானாக ஈடுசெய்ய நான்காவது ஒன்று வேண்டும், அது இல்லை. கையால் ஈடுசெய்து பறக்கலாம். பழகிய கைக்கு அது பெரிய சுமை அன்று.

அல்சூர் கிளைடர்

மிக்க நன்றி. லிப்போவைக் கைவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் பற்றி யாரும் எழுதவில்லையே? உடற்பகுதி கார்பன் ஃபைபர் குழாய் என்பதால்தான் தொலைவு குறித்த கவலை.

மாரத்தஹள்ளி மின்னியல்

கார்பன் ஃபைபர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அங்கிருந்தே தொடங்கியிருப்பேன். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுக்கும். எனவே சிகிச்சை விமானத்துக்குத்தான் தேவை, டிரான்ஸ்மிட்டருக்கு அன்று. ரிசீவரின் இரு ஆன்டெனாக்களிலும் மேலுறை நீங்கிய நுனி ஏறத்தாழ 31 மில்லிமீட்டர், அதாவது கால் அலைநீளம் இருக்கும். அந்த நுனிகளைக் குழாய்க்கு வெளியே கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் ஒட்டிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதீர்கள். நுனியின் திசையில்தான் கதிர்வீச்சு மிகக் குறைவு.

இந்தக் கருவி ரிசீவரோடு பேசும் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ என்ற ரேடியோ முறை இருவழித் தொடர்பு என்பதால், ஒருவழி ஆம்ப்ளிஃபையர் ரிசீவரிலிருந்து திரும்பி வரும் மின்னழுத்தத் தகவலை அடைத்துவிடும். தவிரவும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு நம் நாட்டில் தரப்பட்டுள்ள உரிம விலக்கு ஆற்றல் வரம்புக்கு உட்பட்டதே. பச்சை மண்டலத்திலும் (முன்அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் சொல்கின்றன. இரண்டு மீட்டர் கிளைடரின் சாய்வைக் கண்ணால் பிரித்தறியும் தொலைவுக்குள் இந்தக் கருவியின் அலை தாராளமாக எட்டும். ஜக்கூர், எலகங்கா, எச்.ஏ.எல். எனச் சுற்றிலும் ஓடுதளங்கள் உள்ள ஊரில், களத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஜெயநகர் வானூர்தி

மிக்ஸ் போதவில்லை என்று பின்னர் தோன்றினால், பழைய கருவியில் மேலும் காசு போடாமல் எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இயங்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்குங்கள். அதில் ஒரு மாடலுக்கு 64 மிக்ஸ் வரிகள் வரை எழுதலாம். வாங்கும்போது 4-இன்-1 மாட்யூல் (பல ரேடியோ முறைகளைப் பேசும் பகுதி) உள்ள வகையைக் கேட்டு வாங்கினால், அது ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ-வையும் பேசும் என்பதால் உங்கள் ஐஏ6பி ரிசீவர் வீணாகாது. இஎல்ஆர்எஸ் என்ற வேறொரு ரேடியோ முறை மட்டும் உள்ள வகை இந்த ரிசீவருடன் சேராது.

எதை மாற்றினாலும், ஃபெயில்சேஃபில் (தொடர்பு அறுந்தால் ரிசீவர் எடுக்கும் நிலையில்) த்ராட்டில் முழுவதும் குறையும்படி மீண்டும் அமைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றால்தான் களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.