பாவேந்தர் ஆசிரியர் வேலையை உதறினாரா?

கெடிலக்கரையான், திருப்பாதிரிப்புலியூர்:
ஏப்ரல் 29 அன்று எங்கள் வாசகர் வட்டத்தில் பாரதிதாசனைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். கவிதைகளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இருவர் இருப்பதால், அவர் பார்த்த வேலைகளையும் தொழில்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். என் கையில் உள்ள ஒரு குறிப்பு, ‘அரசியலுக்காக ஆசிரியர் வேலையை உதறியவர், பின்னாளில் பட முதலாளி ஆனவர்’ என்கிறது. இது சரிதானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முத்தியால்பேட்டை:
உதறவில்லை ஐயா. 1891இல் புதுவையில் பிறந்த சுப்புரத்தினம் (பாரதிதாசனின் இயற்பெயர்), 1909இல், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராகச் சேர்ந்தார். புதுவையும் காரைக்காலும் ஒரே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரைவழியே செல்ல உங்கள் கடலூர் இருந்த ஆங்கிலேயர் பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்கள் ரசிப்பார்கள். 37 ஆண்டுகள் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1955இல், அதாவது பிரெஞ்சு ஆட்சி கைமாறிய மறு ஆண்டில். அப்போது அவருக்கு வயது 64. இடையில் ஒன்பது ஆண்டுகள் இருக்கும்போது எதற்காக எதை உதறினார்?

ஓய்வு பெற்ற அதே ஆண்டில் அண்ணா முன்னின்று நிதி திரட்டிச் சென்னையில் அவருக்குப் பொற்கிழி வழங்கச் செய்ததால், குறிப்பெழுதியவர் ஓய்வையும் அரசியலையும் முடிச்சுப் போட்டிருக்கலாம். உண்மையில் சுயமரியாதை இயக்கத்துக்காக அவர் எழுதத் தொடங்கியது வகுப்பறையில் இருந்த காலத்திலேயேதான். பகலில் அரசுச் சம்பளத்துக்கு இலக்கணம் நடத்திக்கொண்டே, சாதியையும் புரோகிதத்தையும் சாடி எழுதிய அந்த நீண்ட காலத்தைப் பெரும்பாலான மேடைப் பேச்சாளர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். முப்பத்தேழு ஆண்டு வாத்தியாராக இருந்த எனக்கு இதில் சிறிது மனத்தாங்கல் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குயில்தாசன், புதுச்சேரி:
ஆசிரியர் ஐயா சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். ‘பட முதலாளி’ என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. 1937 முதலே அவர் திரைப்படங்களுக்கு எழுதியவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பொன்முடி’, அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து உருவானது. அங்கெல்லாம் முதலும் நட்டமும் பிறருடையவை. 1961இல், எழுபது வயதில், சென்னையில் குடியேறிச் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி, ‘பாண்டியன் பரிசு’ காவியத்தைப் படமாக்க முனைந்தபோதுதான் சுமை அவர் தலையில் ஏறியது. படம் வெளிவரவே இல்லை; 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையிலேயே காலமானார். ‘குயில்’ இதழைத் தாமே நடத்தியவர் என்பதால் தொழில் அனுபவம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதழுக்கு வேண்டிய முதலும் படத்துக்கு வேண்டிய முதலும் ஒன்றல்ல.

கெடிலக்கரையான்:
இருவருக்கும் நன்றி. குறிப்பின் அந்த வரியை அடித்துவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் எட்டு நிமிடத்தைப் பள்ளிக்கூடத்துக்கே ஒதுக்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுவைக்குப் பேருந்து ஏறி, பெருமாள் கோயில் தெருவில் நினைவில்லமாக உள்ள அவர் வீட்டையும் பார்த்து வரலாம் என்றிருக்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்கு ஓய்விருந்தால் உடன் வரவேண்டும்.