ரெவிட்டில் சரியாக இருக்கும் கட்டடம் ஐஎஃப்சியில் திரும்பி நிற்கிறது, உதவி தேவை

வணக்கம். ஹட்டன் பக்கம் சரிவான காணியில் வரப்போகும் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொடலோடு மல்லுக்கட்டுகிறேன். வரையும் மென்பொருள் ரெவிட் 2023. ஐஎஃப்சியாக (வேறு வேறு மென்பொருள்கள் படிக்கக்கூடிய பொதுவான மொடல் கோப்பு) எடுத்து, மொடல்களைச் சேர்த்துப் பார்க்கும் நாவிஸ்வர்க்ஸில் போட்டால், சேர்வே முளை இருக்கும் மூலை சரியான இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்த மூலையைப் பிடித்து யாரோ சுற்றிவிட்டது மாதிரி, 30 மீற்றர் தள்ளியுள்ள மறுமுனை 7 மீற்றருக்கு மேல் விலகித் தாங்குசுவருக்குள் புகுந்து கிடக்கிறது. திரும்பியிருப்பது 14 பாகை. ரெவிட்டில் ட்ரூ நோர்த்துக்கு (உண்மையான வடக்குத் திசை) நான் கொடுத்ததும் அதே 14.

சேர்வேயர் தந்த டிடபிள்யூஜி வரைபடம் இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில் இருக்கிறது (பிதுருதலாகலையில் 500,000, 500,000 என்று வருமே, அதுதான்). எங்கள் காணி கிழக்கு 480,000, வடக்கு 488,000 அளவில். ஒரிஜின் டு ஒரிஜினாக (இரண்டின் பூச்சியப் புள்ளிகளும் ஒன்றாக) இணைத்தால் ரெவிட்டின் 16 கிலோமீற்றர் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே சென்டர் டு சென்டரில் இணைத்து, நகர்த்திச் சுற்றி, வரைபடத்தின் ஆள்கூற்றை மொடலுக்கு எடுக்கும் அக்வயர் கோஆர்டினேட்ஸ் கொடுத்தேன். ரெவிட்டுக்குள் ஸ்பொட் கோஆர்டினேட் (ஒரு புள்ளியின் ஆள்கூறு) முளையோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

ஐஎஃப்சி ஏற்றுமதியில் ஷெயார்ட் கோஆர்டினேட்ஸ், சேர்வே பொயின்ட் என்ற தெரிவுகள் இரண்டும் பார்த்தாயிற்று. ஐஎஃப்சி 2எக்ஸ்3, ஐஎஃப்சி 4 பதிப்புகள் இரண்டிலும் அதே கதை. நேரடியாக நாவிஸ்வர்க்ஸின் சொந்தக் கோப்பான என்டபிள்யூசி எடுத்தால் மட்டும் எல்லாம் சரி. அப்புறம் என்ன பிரச்சினை என்பீர்கள். கொழும்பில் ஸ்ட்ரக்சர் பார்க்கும் பொறியியலாளர் டெக்லா என்ற மென்பொருளில் வேலை செய்கிறார், அவருக்கு ஐஎஃப்சிதான் வேண்டும். இங்கே மேட்டை வெட்டி வைத்தாயிற்று, மழைக்கு முன் தாங்குசுவர் எழும்ப வேண்டும்.

ட்ரூ நோர்த் சுழற்சியும் சேர்ந்தே ஐஎஃப்சிக்குள் போக, ரெவிட் 2023இல் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?