ஆப்பிள் பிரெட் நடுவில் வேகவே மாட்டேன் என்கிறது, அவசரம்

நிலா_மிசிசாகா:
வணக்கம். தோட்டத்தில் குழந்தைகள் பறித்த ஆப்பிள் ஒரு பெரிய பை நிறைய மீந்துவிட்டது, சிலது மெத்தென்று ஆகிறது. வீணாக வேண்டாம் என்று ஆப்பிள் பிரெட் போட்டேன். மேலே நல்ல நிறம், ஓரமெல்லாம் அருமை. நடுவில் மட்டும் களி மாதிரி ஒட்டுகிறது, ஆறியதும் உள்வாங்கிவிட்டது. 350ல் ஒரு மணி நேரம் வைத்தேன், அளவெல்லாம் செய்முறையில் சொன்னதுதான். நாளைக்குப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். என்ன செய்வது?

கோவை_மீனா:
350ஆ? என் ஓடிஜி (சின்ன மின் ஓவன்) 250க்கு மேல் போகாதே. மேலே கருகாமல் எப்படி வந்தது?

வடமராட்சி:
அது ஃபாரன்ஹீட் தங்கச்சி, கனடாவில் ஓவன் அப்படித்தான். உங்கள் கணக்கில் 175, 180 வரும். நிலா, என்ன ஆப்பிள்? துருவினீர்களா, துண்டாக வெட்டினீர்களா?

மாவும்_நானும்:
சோடா பழசாக இருக்கும். நடுவில் அமுங்கினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகை சோடாவில் வினிகர் விடுங்கள், பொங்க வேண்டும். பேக்கிங் பவுடர் என்றால் வெந்நீர் போதும்.

அடுமனை_ராஜா:
இங்கே பல வருடமாகச் சொல்லி வருகிறேன். பாத்திரத்தின் அளவு, அது உலோகமா கண்ணாடியா, மாவு எத்தனை கிராம், பழம் எத்தனை கிராம், இவை இல்லாமல் கேள்வி போடாதீர்கள். ‘செய்முறையில் சொன்னபடி’ என்றால் எந்தச் செய்முறை? கப்பால் மாவை அழுத்தி அள்ளினால் கால் பங்கு கூட ஏறிவிடும். தராசு வாங்குங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

நிலா_மிசிசாகா:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். மெக்கின்டாஷ் ஆப்பிள். துருவி சர்க்கரை போட்டு வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். கண்ணாடிப் பாத்திரம். சோடா புதிது.

வடமராட்சி:
சரி, இப்போது விளங்குகிறது. மெக்கின்டாஷ் இந்த ஒன்டாரியோ மண்ணிலேயே 1811ல் கண்டெடுத்த ஆப்பிள். வாசம் அபாரம், சாஸ் வைக்க அதைப்போல வராது. ஆனால் சூடு பட்டதும் கரைந்து நீராகிவிடும். அதைத் துருவிச் சீனியும் போட்டு வைத்தால் சாறு முழுக்க வெளியே வந்துவிடும், அத்தனையும் மாவுக்குள் போயிருக்கிறது. அடுத்த முறை துருவியதை இரண்டு கையாலும் பிழிந்து, மாவு தயாரான பிறகு கடைசியாகச் சேருங்கள். இரண்டு கப் மாவுக்குப் பிழிந்த பழம் ஒன்றரைக் கப்புக்கு மேல் வேண்டாம். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கறுவாப்பட்டை போட்டுக் காய்ச்சினால் பிள்ளைகள் குடிப்பார்கள்.

கோவை_மீனா:
கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் வாங்கிச் செய்தால் துண்டு துண்டாக நிற்கும்.

வடமராட்சி:
மீந்த ஆப்பிளைத் தீர்க்கத்தானே அவர் செய்கிறார், இன்னொரு பை வாங்கவா?

அடுமனை_ராஜா:
கண்ணாடி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. கண்ணாடி மெதுவாகச் சூடேறும், ஏறிய பின் சூட்டை விடாது. அதனால் ஓரம் முந்தி வெந்துவிடும், நடு பிந்தும். 325க்கு இறக்கி இன்னும் கால் மணி நேரமாவது கூட வையுங்கள், மேலே சிவந்தால் ஃபாயிலைத் தளர்வாகப் போடுங்கள். பல்குச்சியை நம்பாதீர்கள். ஆப்பிள் துண்டில் குத்தினால் வெந்தாலும் ஈரமாக வரும், பச்சை மாவைத் தப்பிக் குத்தினால் சுத்தமாக வரும். நடுவில் வெப்பமானி 200 முதல் 205 ஃபாரன்ஹீட் காட்டினால்தான் வெந்தது.

தேன்மொழி_87:
தோலோடு துருவினீர்களா? தோலில் நார்ச்சத்து நிறைய. நான் சீவுவதே இல்லை.

மாவும்_நானும்:
தோட்டத்து ஆப்பிள் என்றாலும் மருந்து அடித்திருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதைச் சீவித்தான் போட வேண்டும்.

தேன்மொழி_87:
சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும். 2017ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள், மேலே இருந்த மருந்து பெரும்பாலும் போய்விட்டது.

மாவும்_நானும்:
அதே ஆய்வில் தோலுக்குள் இறங்கியது போகவில்லை என்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேன்மொழி_87:
அப்படிப் பார்த்தால் நாம் கத்தரிக்காயைச் சீவியா சாப்பிடுகிறோம்?

வடமராட்சி:
தோல் சண்டை பிறகு. நிலா, நாளைக்கு வேண்டுமென்றால் லோஃபே (நீளப் பிரெட்) வேண்டாம். அதே மாவை மஃபின் தட்டில் ஊற்றி 350ல் 20, 25 நிமிடம் வையுங்கள், சின்னதாக இருப்பதால் நடுவும் வெந்துவிடும். வால்நட் போடாதீர்கள், இங்கே பல பள்ளிகளில் கொட்டை வகைக்கு அனுமதி இல்லை. முதலில் செய்தது நடுவில் பச்சையாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், முட்டை சேர்ந்திருக்கும். மெல்லியதாக வெட்டி ட்ரேயில் பரப்பி நன்றாக வேகும்வரை திரும்ப வையுங்கள். மீதி ஆப்பிளை இப்போதே ஃப்ரிட்ஜில் போடுங்கள், வெளியே வைத்தால் சீக்கிரம் பழுத்து மாவாகிவிடும்.

கோவை_மீனா:
சூடாக வெட்டினாலும் ஒட்டும். முழுக்க ஆறவிடுங்கள்.

நிலா_மிசிசாகா:
பிழிந்து போட்டு மஃபின் செய்தேன், நடு வரை வெந்திருக்கிறது. அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

அடுமனை_ராஜா:
பிழிந்த பழம் எத்தனை கிராம், சாறு எவ்வளவு வந்தது? எழுதினால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

குன்றத்தூர்_சாரதா:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் முட்டைக்குப் பதில் தயிர் விட்டேன். பிரஷர் குக்கரில் வைத்தேன். நடு வேகவில்லை. என்ன காரணம்?

வடமராட்சி:
தயிர் எவ்வளவு விட்டீர்கள்? என்ன ஆப்பிள்?