150 ஹெச்பி போட்டுக்கு 21 பிட்ச் ஓவரா? எந்த ப்ரொப்பல்லர் போடலாம்

தேங்காய்த்திட்டு_தம்பி:
அண்ணன்மாருங்களுக்கு வணக்கம். போன மாசம் நானும் மச்சானும் சேந்து செகண்ட் ஹேண்டுல 20 அடி ஸ்போர்ட் போட் ஒன்னு எடுத்தோம், மெர்க்குரி 150 ஃபோர் ஸ்ட்ரோக், ஒத்த என்ஜின். பழைய ஓனர் தனியா போயி ஸ்பீடு பாக்குற ஆளு போல, 21 பிட்ச் ஸ்டீல் மூணு பிளேடு மாட்டி வச்சிருந்தாரு, அதோடவே குடுத்துட்டாரு. நாங்க என்னடான்னா குடும்பத்தோட ஏறுற ஆளுங்க, ஆறு பேரு, ஐஸ் பெட்டி, டேங்க் ஃபுல்லு. த்ராட்டில முழுசா தள்ளுனா மூக்கத் தூக்கிக்கிட்டு அப்படியே முக்குது, ரொம்ப நேரம் கழிச்சுதான் பிளேன் ஆகுது (தண்ணி மேல எழும்பி வழுக்கிப் போகுது), பின்னாடி உக்காந்திருக்க அத்தை வானத்தப் பாத்துக்கிட்டே வராங்க. ஃபுல் த்ராட்டில்ல 4600 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ல 29 நாட். நான் மட்டும் போனா 5100 வருது. அப்புறம் ஒடிச்சி திருப்பும்போது என்ஜின் கத்துது ஆனா போட் போகல. 17 போடறதா 19 போடறதா, நாலு பிளேடு நல்லதா, ஸ்டீலா அலுமினியமா, ஒவ்வொருத்தரும் ஒன்னு சொல்றாங்க, தல சுத்துது.

நோணாங்குப்பம்_நண்டு:
யோசிக்கவே வேணாம் ப்ரோ 17 போடு. பிட்ச்ன்றது ப்ரொப்பல்லர் ஒரு சுத்து சுத்துனா எத்தன அங்குலம் முன்னாடி போகணும்ங்கற கணக்கு, ஸ்க்ரூ முறுக்குற மாதிரி. 21ன்றது டாப் கியர்ல வண்டிய எடுக்குற கதை. 17 போட்டா ஜிவ்வுனு எழும்பும்.

முதுநகர்_மெக்கானிக்:
தம்பி, அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. உங்க என்ஜினுக்கு ஃபுல் த்ராட்டில்ல 5000லருந்து 5800க்குள்ள நிக்கணும், 4600ன்றது என்ஜின கழுத்தப் புடிச்சு அமுக்குற மாதிரி, அப்படியே ஓட்டுனா கார்பன் கட்டும் சூடாகும், அது வாஸ்தவம். ஒரு அங்குலம் பிட்ச் கொறச்சா தோராயமா 150லருந்து 200 ஆர்பிஎம் ஏறும். நண்டு சொல்ற 17 போட்டா லோடோட 5400 வரும், அருமை. ஆனா நீங்க தனியா போற அன்னிக்கு 5900 ஆயிடும், என்ஜின் அளவுக்கு மேல சுத்தாம தடுக்குற லிமிட்டர்ல போயி முட்டும். அத யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா எனக்கு இடிக்கிறது வேற. உங்க நம்பர வச்சு கணக்கு போட்டுப் பாத்தேன். ஆர்பிஎம்ம கியர் ரேஷியோவால (ப்ரொப்பல்லர் ஒரு சுத்து சுத்த என்ஜின் எத்தன சுத்து சுத்தணும்ங்கறது) வகுத்து, பிட்ச்சால பெருக்கி, 1215ஆல வகுத்தா நாட் கணக்குல வேகம் வந்துரும். உங்க கியர் 1.92. 4600க்கு 21 பிட்ச்ல 41 நாட் சொச்சம் வரணும், நீங்க போறது 29. அப்ப ஸ்லிப், அதாவது கணக்குக்கும் நெஜ வேகத்துக்கும் உள்ள வித்தியாசம், 30 சதவீதம். கொஞ்சம் ஸ்லிப் இருந்தாதான் ப்ரொப்பல்லரே தள்ளும், இந்த மாதிரி போட்ல 10லருந்து 15 வரைக்கும் சாதாரணம், லோடு ஏத்துனா இன்னும் கொஞ்சம் கூடும். 30ன்றது அநியாயம். ப்ரொப்பல்லர் நடுவுல ஷாஃப்ட புடிச்சிருக்க ரப்பர் ஹப் வழுக்குதுன்னா ஆர்பிஎம் எகிறும், உங்களுக்கு எறங்கித்தானே இருக்கு. அதனால ஒன்னு கேக்கறேன், போட்ட ட்ரெய்லர்ல ஏத்தி வைக்கிறீங்களா இல்ல தண்ணியிலயே கட்டிப் போட்டிருக்கீங்களா?

தேங்காய்த்திட்டு_தம்பி:
தண்ணியிலதான் அண்ணே, ஆத்துல. வாங்குனதுலருந்து தூக்கல.

முதுநகர்_மெக்கானிக்:
அவ்ளோதான், போங்க. நம்ம முகத்துவாரத் தண்ணியில பாசியும் சிப்பியும் ஒட்டறதுக்கு ஒரு மாசம் ஜாஸ்தி. பழைய ஓனர் எத்தன மாசம் போட்டு வச்சாரோ. அடி சொரசொரன்னு ஆயிடுச்சுன்னா எந்த விசிறி மாட்டுனாலும் இதே கததான். மொதல்ல தூக்கி அடிய சொரண்டுங்க, ப்ரொப்பல்லர் பிளேடு மேலயும் ஒட்டியிருக்கும், அதையும் சுத்தம் பண்ணுங்க, அப்புறம் அதே ஆறு பேரு அதே ஐஸ் பெட்டியோட ஓட்டி நம்பர் எழுதுங்க. ஏப்ரல் 15க்கு முன்னாடி பண்ணிடுங்க, மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா பெரிய போட்டுங்க எல்லாம் கரைக்கு ஏறிடும், எங்கள மாதிரி ஆளுங்கள கைல புடிக்க முடியாது.

திரும்பும்போது கத்துறது வேற விஷயம். மேல இருக்க காத்த ப்ரொப்பல்லர் உறிஞ்சிக்குது, பிளேடுக்குப் புடிப்பு போயிடுது. எல்லாரும் இத கேவிடேஷன்னு சொல்றாங்க, அது பிளேடு முதுகுல அழுத்தம் கொறஞ்சு தண்ணியே கொதிச்சுக் குமிழாகுறது, பிளேடு அரிச்ச மாதிரி ஆயிடும். உங்களுது வெண்டிலேஷன். ட்ரிம்ம, அதாவது என்ஜின் சாய்வ, மேல வச்சே திருப்புறீங்கன்னு நெனக்கறேன், திருப்பத்துக்கு முன்னாடி கொஞ்சம் எறக்கிப் பாருங்க. அப்பவும் கத்துனா என்ஜின் ஒசரமா மாட்டியிருக்கான்னு பாக்கணும்.

உப்பனாறு:
ஸ்டீல் அலுமினியம் பத்தி யாரும் பேசல, நான் பட்டத சொல்றேன். ஸ்டீல் பிளேடு மெலிசு, வேகத்துல வளையாது, அதனால ஸ்பீடும் புடிப்பும் அதிகம், 150 ஹெச்பிக்கு அதுதான் அழகு. விலைதான் பல மடங்கு. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி ஆத்து வாய்ல மணல் திட்டு எடம் மாறியிருந்தது தெரியாம ஒரு சாயங்காலம் உள்ள நுழஞ்சேன், டொம்முனு ஒரு அடி. அன்னிக்கு மாட்டியிருந்தது அலுமினியம், மூணு பிளேடும் பூ மாதிரி மடங்கிடுச்சு, கியர் பாக்ஸ் தப்பிச்சது. ஸ்டீல் இருந்திருந்தா அடி நேரா உள்ள எறங்கியிருக்கும், ரப்பர் ஹப் கொஞ்சம் தாங்கும்தான், நம்பி உக்கார முடியாது. இப்ப நான் ஸ்டீல்ல ஓட்டறேன், சீட்டுக்கு அடியில ஒரு அலுமினியம் ஸ்பேர், கூடவே ஸ்பேனர், நட்டு கழலாம இருக்க புது காட்டர் பின். மடங்குனத ஒரு ஒர்க்ஷாப்புல தட்டி நிமித்தித் தந்தாங்க, மூணு பிளேடும் மூணு பிட்ச் ஆயிடுச்சு, போட் பூரா உதறல், காசு தெண்டம்.

நாலு பிளேடு பத்தி: சீக்கிரம் எழும்பும், திருப்பத்துல நல்லா புடிக்கும், கடைசி ஸ்பீடுல கொஞ்சம் போகும். சறுக்கு விளையாட்டுக்கு ஆள இழுக்கறதுன்னா எடுங்க. இல்லன்னா இப்போதைக்கு வேணாம்.

தேங்காய்த்திட்டு_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் ஆச்சு, ரிசல்ட் சொல்றேன். கரைக்கு ஏத்திப் பாத்தா அண்ணே சொன்னது அப்படியே, அடி பூரா சிப்பி, கை வச்சா கிழிக்கிது. சொரண்டவே ரெண்டு நாள், மச்சான் இன்னும் என்கூட பேசல. தண்ணியில விட்டு அதே லோடோட அதே 21 பிட்ச்ல ஓட்டுனேன், 4900, 34 நாட். காசே செலவில்லாம 5 நாட்! ஆனாலும் 5000 தொடல. அப்புறம் தெரிஞ்சவரு ஒருத்தர்கிட்ட 19 பிட்ச் ஸ்டீல் கடன் வாங்கி மாட்டுனேன், லோடோட 5300, 36 நாட், தனியா போனா 5700. பிட்ச் கொறச்சும் ஸ்பீடு கூடிருச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். ட்ரிம் எறக்கித் திருப்புனா கத்தவும் இல்ல.

முதுநகர்_மெக்கானிக்:
19தான் உங்க சைஸ், அதையே வாங்குங்க, ஷாஃப்ட் 15 பல்லு, அதுக்கு ஏத்த ஹப் கிட் கேட்டு வாங்குங்க. ஆச்சரியம் இல்ல தம்பி, என்ஜினுக்கு இப்பதான் மூச்சு விட எடம் கெடச்சிருக்கு. மாட்டும்போது சாவிய கைல எடுத்துக்கங்க, ஷாஃப்டுல மரைன் கிரீஸ் தடவுங்க, ப்ரொப்பல்லருக்கு முன்னாடி இருக்க த்ரஸ்ட் வாஷர் பழைய ப்ரொப்பல்லரோட ஒட்டிக்கிட்டுப் போயிடும், அத மறந்து மாட்டுனவங்க நெறைய பேரு எங்கிட்ட வந்திருக்காங்க. பின்னாடி தூண்டி நரம்பு சுத்தியிருக்கான்னும் பாருங்க, தண்ணி உள்ள போகாம தடுக்குற ஷாஃப்ட் சீல அது அறுத்துடுச்சுன்னா கியர் ஆயில் பால் மாதிரி வெள்ளையாயிடும்.

தேங்காய்த்திட்டு_தம்பி:
அய்யோ அண்ணே, நரம்பு ஒரு முழம் இருந்துச்சு, வெட்டி எடுத்தேன். ஆயில் எறக்கிப் பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்.