மறு: மொனொப்சனிக்குத் தமிழில் என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

மொனொப்சனிக்கு, அதாவது சந்தையில் வாங்குபவர் (கொள்வோன்) ஒருவரே என்ற நிலைக்கு, ‘கொள்வோன் தனியுரிமை’ என்று எழுதியிருந்தீர்கள். நமது பாடநூல்களில் தனியுரிமை என்றால் ஒரே விற்பனையாளர். ஆகவே ஒரே கொள்வோனுக்கும் அது பொருந்தும். 1933இல் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் மொனொப்சனியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அதுவே பொருள். ஆனால் தொழிற்சந்தையை ஆராயும் இன்றைய இளம் பொருளியலாளர்கள் முதலாளிகளின் தலைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. சம்பளத்தைச் சற்றுக் குறைத்தால் எத்தனை பேர் விலகிப் போவார்கள் என்று கேட்கிறார்கள். போகிறவர் சிலரே என்றால், பத்து முதலாளிகள் இருந்தாலும் பிடி முதலாளியிடம்தான்.

ஹட்டனில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலிருந்து மூன்று தேயிலைத் தோட்டங்கள் தெரியும். மூன்றும் வெவ்வேறு கம்பனிகள். கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாட்களில்கூட அம்மா அடுத்த தோட்டத்தை நினைத்துப் பார்த்ததில்லை. வீடு தோட்டத்துடையது. அவருடைய முன்னோர் காலத்தில் இந்தப் பிடி ஒரு கடதாசியாகவே இருந்தது: தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் ஆளைச் சேர்க்காது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

சம்பளம் கூடினால் வேலை போய்விடும் என்ற வாதத்துக்குப் பதில் எழுதவும் இந்தச் சொல் வேண்டும். 1992இல் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது; துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் 1994இல் காட்டினார்கள். இதை முதலாளியின் பிடியால் விளக்கப் போனால், உணவகங்கள் பல என்பதால் ‘தனி’ இடறுகிறது. ‘கொள்வோர் வலு’ என்று வைக்கலாமா?

---

அன்பின் தம்பி,

துண்டை நினைவூட்டியது மிகவும் நன்று. ஆனால் ‘கொள்வோர் வலு’ வேண்டாம். பணத்தால் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ‘கொள்வனவு வலு’ ஏற்கெனவே இருக்கிறது. வினாத்தாளில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

உங்கள் கடிதத்திலேயே சொல் கிடக்கிறது: பிடி. ‘கொள்வோர் பிடி’. பிடி இறுகியது, பிடி தளர்ந்தது, பிடியின் அளவு என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இயல்பாக நிற்கிறது. உண்மையிலேயே ஒரே கொள்வோன் உள்ள சந்தைக்குத் ‘தனியுரிமை’ இருக்கட்டும்.

---

ஏற்கிறேன் ஐயா. ‘தொழில்கொள்வோர்’ என்ற வழக்கு நம்மிடம் இருப்பதால், சம்பளம் பற்றிய இடங்களில் ‘தொழில்கொள்வோர் பிடி’ என்று எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சைக் கொழுந்து விற்கும் சிறுதோட்டக்காரர் வரும் இடத்தில் ‘கொள்வோர் பிடி’ போதும். நூலின் மூன்றாம் அத்தியாயத் தலைப்பை இன்றிரவே மாற்றுகிறேன்.